செர்ட் கல்லிலிருந்து சிற்றினப் பெயர் வரை: ரேடியோலேரியா விவரணைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் கெடா மாநிலத்தில், கோலக்கெட்டிலில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையின் ஒரு முனையில் மைக்ராஸ்கோப் ஒன்று நிரந்தரமாகக் குடியிருக்கிறது. செமஸ்டர் விடுமுறை வந்தால் நிலவியல் படிக்கும் பிள்ளைகள் சுங்கைப்பட்டாணியிலிருந்தும் கூலிமிலிருந்தும் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குவார்கள். லென்ஸில் கண்ணை வைத்த அரை நிமிடத்தில் முதல் கேள்வி வந்துவிடும்: "அண்ணே, இது என்ன ஸ்பீசிஸ்?"

கீழே உள்ள பத்துப் படிகளில் அந்தக் கேள்வி எட்டாவது படியில்தான் வருகிறது. அதை முதல் படிக்கு இழுத்துக்கொண்டு வருவதால்தான் மற்ற தப்புகள் எல்லாம் நடக்கின்றன. பெயரை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால், அந்தப் பெயருக்கு ஏற்றது மட்டும்தான் கண்ணில் படும்.

ரேடியோலேரியா என்பவை கடலில் மிதந்து வாழும் ஒற்றைச் செல் உயிரிகள். கூடு சிலிக்காவால் ஆனது. பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுதான் இருக்கும். செத்த பிறகு அந்தக் கூடுகள் கடலடியில் படிந்து இறுகிச் செர்ட் பாறையாகின்றன. மலாயில் ரிஜாங் என்பது இதைத்தான். கெடாவிலும் வட பேராக்கிலும் உள்ள செமாங்கோல் பாறைத்தொகுதியில் பெர்மியன் காலத்து, அதை அடுத்து வந்த டிரையாசிக் காலத்து ரேடியோலேரியா கிடைக்கின்றன. ரப்பரும் செம்பனையும் நிற்கிற இந்த மண்ணுக்கடியில் ஒரு காலத்துக் கடலடி கிடக்கிறது. எடுத்துக்காட்டுகளை இங்கிருந்தே தருகிறேன்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

சுத்தியல், பத்து மடங்கு கைலென்ஸ், துணிப்பை, அழியாத மை பேனா, ஜிபிஎஸ். வீட்டில் 40 முதல் 80 மடங்கு பெருக்கும் இரட்டைக்கண் மைக்ராஸ்கோப், மூன்று சுழி எண் தூரிகை, கட்டம் போட்ட கருப்புத் தட்டு. பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்றில் அமில வேலைக்கு அனுமதியும், ஸ்கேனிங் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் நேரமும். இந்தக் கடைசி இரண்டும் இல்லாமல் கல் பொறுக்கப் போகாதீர்கள். கல் மூட்டை வராந்தாவில் கிடந்து பாசி பிடிக்கும்.

அதோடு ஒரு கணக்கு நோட்டுப் புத்தகம். ஃபோனில் குறிப்பது வேறு, இது வேறு. எண் மாறிப்போன நாளில் நோட்டில் அடித்துத் திருத்திய தடம் அப்படியே இருக்கும்.

1. கல்லை எடுக்கும்போதே எண்ணைப் போடுங்கள்

எடுக்கும் இடம் வெட்டுமுகமாக இருக்க வேண்டும். செம்பனை மறுநடவுக்காகப் புல்டோசர் மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டும்போது நல்ல முகம் கிடைக்கும். தோட்ட நிர்வாகியிடம் முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள். வேலையாட்களை மேற்பார்க்கும் தண்டலிடம் சொல்லிவிட்டுப் போவது மட்டும் போதாது.

தோட்டச் சாலையில் கிடக்கும் கல்லைத் தொடவே வேண்டாம். சாலைக்குப் போட்ட கல் எந்த மலையிலிருந்து லாரியில் வந்ததோ, யாருக்குத் தெரியும்? அழகான கல்லாகத்தான் இருக்கும், ஆனால் முகவரி இல்லாத கல்.

அடுக்குச் செர்ட் சில சென்டிமீட்டர் கனத்தில், நடுவே மெல்லிய களிப்பாறைத் தகடுகளோடு அடுக்கடுக்காக நிற்கும். கத்தியால் கீறினால் கீறல் விழாது. நனைத்துக் கைலென்ஸில் பார்த்தால் கசகசா தூவியது போலப் புள்ளிகள் தெரிய வேண்டும். புள்ளியே இல்லாத கல்லைச் சுமக்காதீர்கள்.

ஒவ்வோர் அடுக்குக்கும் தனிப் பை, தனி எண். இந்தப் பாறைகள் மடிந்தும் பிளந்தும் கிடக்கின்றன. ஒரே வெட்டுமுகத்தில் பக்கத்துப் பக்கத்து அடுக்குகளுக்கு நடுவே பல லட்சம் ஆண்டு இடைவெளி இருக்கலாம். மேலே இருப்பது இளையது என்றும் நம்ப முடியாது, அடுக்கே தலைகீழாகக் கவிழ்ந்திருக்கலாம். எண்ணைப் பையின் மேல் எழுதினால் மட்டும் போதாது, கல்லின் மேலும் எழுதுங்கள். பை கிழியும்.

2. அமில வேலை ஆய்வகத்தில் மட்டும்

செர்ட்டிலிருந்து கூடுகளைப் பிரிக்க நீர்த்த ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் வேண்டும். இந்த அமிலம் தோலில் பட்டால் உடனே எரியாமல் போகலாம். உள்ளே இறங்கி உடம்பிலுள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், ஆளையே கொல்லும். புகை உறிஞ்சும் பெட்டி, அதற்கென உள்ள கையுறை, முகக் கவசம், கைக்கெட்டும் தூரத்தில் கால்சியம் குளுக்கோனேட் ஜெல், பழகிய ஒருவர் பக்கத்தில். இதில் ஒன்று குறைந்தாலும் வேலை நடக்கக் கூடாது. வீட்டில் செய்யலாமா என்று கேட்கும் பிள்ளைகளை நான் திட்டியே அனுப்பியிருக்கிறேன்.

செய்முறையைப் பொறுத்தவரை, உடைத்த கல்லைப் பிளாஸ்டிக் பாத்திரத்தில் 5 முதல் 10 விழுக்காட்டு அமிலத்தில் ஏறக்குறைய ஒரு நாள் ஊறவைத்து, கழுவிச் சலித்து, மீதிக் கல்லை மறுபடியும் ஊறவைப்பார்கள். கண்ணாடிப் பாத்திரம் உதவாது, இந்த அமிலம் கண்ணாடியையே கரைக்கும். மேலே பெரிய கண் சல்லடை கல்துண்டைத் தடுக்கும், கீழே 63 மைக்ரான் சல்லடை கூடுகளைப் பிடிக்கும்.

ஏன் ஒரே தடவையாக நீண்ட நேரம் ஊறவைப்பதில்லை? கூடும் சிலிக்கா, சுற்றியுள்ள கல்லும் சிலிக்கா. சுற்றியுள்ளது கொஞ்சம் வேகமாகக் கரைகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். இரண்டு நாள் விட்டால் கூட்டிலும் அமிலம் கைவைக்கும்: துளைகள் அகலமாகும், முட்கள் மெலியும். பிறகு அந்த அகன்ற துளையை ஒரு பண்பாக எண்ணி விவரணையில் எழுதுவீர்கள். ஊறிய நேரத்தை நோட்டில் குறிப்பது அதற்காகத்தான்.

சல்லடை இன்னொரு கண்ணி. ஒரு முறை என் பெர்மியன் மாதிரியில் டிபன் கேரியர் மாதிரி வளையம் வளையமாக அடுக்கிய ஒரு கூம்புக் கூடு கிடைத்தது. ட்ரையாசோகாம்பே என்ற பேரினம், சந்தேகமே இல்லை. ஆனால் அது டிரையாசிக் காலத்தது. இரண்டு நாள் பெருமையாகத் திரிந்தேன். அப்புறம்தான் தெரிந்தது, முந்தின வாரம் வேறு கல் சலித்த சல்லடையின் கண்ணில் சிக்கியிருந்த கூடு அது. ஒவ்வொரு மாதிரிக்குப் பிறகும் சல்லடையை மெத்திலீன் புளூ சாயத்தில் முக்குங்கள். மிஞ்சிய கூடு நீலமாகிவிடும். அடுத்த மாதிரியில் நீலம் தெரிந்தால் அது பழைய விருந்தாளி.

3. பொறுக்குதல்

கழுவிக் காயவைத்த வண்டலை வீட்டுக்குக் கொண்டுவரலாம். முதலில் காற்றாடியை நிறுத்துங்கள். கெடா வெயிலில் இதைச் சொன்னால் பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள், ஆனால் ஒரு சுழற்சியில் மூன்று மாத வேலை சுவரில் ஒட்டிக்கொள்ளும். ஏர்கோன் காற்றும் நேரே படக் கூடாது.

தூரிகை முனையைத் தண்ணீரில் தொட்டு, கூட்டை ஒற்றி எடுத்துக் கட்டத்தில் வையுங்கள். நாக்கில் தொடுவது கெட்ட பழக்கம், எச்சில் காய்ந்தால் கூட்டின் மேல் படலம் நிற்கும். எங்கள் அம்மா முப்பது வருடம் பால் மரம் வெட்டியவர், அரிசியில் கல் பொறுக்கிய கை. ஒரு நாள் சும்மா உட்கார்ந்து பார்த்தவர் ஒரு மணி நேரத்தில் என் மாணவர்கள் இருவர் சேர்ந்து பொறுக்கியதை விட அதிகம் பொறுக்கினார். மணிக்கட்டை மேசையில் ஊன்றி விரலை மட்டும் அசைப்பதுதான் வித்தை.

அழகானதை மட்டும் பொறுக்காதீர்கள். உடைந்தது, இளசு, கோணல், எல்லாம் வேண்டும். ஒரு சிற்றினம் எவ்வளவு தூரம் மாறுபடும் என்பதை அவைதான் சொல்லும்.

4. பெயர் சொல்லாமல் பிரித்தல்

கூடுகளை உருவத்தை வைத்துக் குவியல்களாகப் பிரியுங்கள். குவியலுக்கு அ, ஆ, இ என்று எழுத்து போதும். எங்கள் மேசையில் இந்தக் கட்டத்தில் லத்தீன் பெயர் சொல்பவர் எல்லோருக்கும் தே தாரிக் வாங்கித் தர வேண்டும்.

நான் இந்தப் படியைத் தாண்டிப் போய் அவமானப்பட்டவன். பெர்மியன் கல்லில் அல்பைலெல்லேரியா வரிசையைச் சேர்ந்த இரண்டு பேரினங்கள் அடிக்கடி வரும். சூடோஅல்பைலெல்லாவுக்கு உச்சியில் கூம்பு, நடுவில் உப்பிய போலி மார்பு, அதிலிருந்து நீளும் இறக்கைகள், கீழே போலி வயிறு. ஃபாலிகுகுல்லஸுக்கு அந்த இறக்கைகள் கிடையாது. பதினான்கு கூடுகளில் இறக்கை இல்லை என்று பார்த்ததும் ஃபாலிகுகுல்லஸ் என்று எழுதிவைத்தேன். எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் திரையில் பெரிதாக்கினால், போலி மார்பின் இரு பக்கமும் முறிந்த குச்சியின் அடிபோல இரண்டு தழும்பு. பதினான்கில் ஒன்பதில் இருந்தது. இறக்கை இல்லாத கூடல்ல, இறக்கை ஒடிந்த கூடு.

அன்றிலிருந்து எந்த உறுப்பும் 'இல்லை' என்று எழுதும் முன் அது இருந்திருக்கக்கூடிய இடத்தைத் தனியாகப் பெரிதாக்கிப் பார்க்கிறோம். நோட்டில் மூன்று குறி: இருக்கிறது, இல்லை, ஒடிந்திருக்கிறது. நான்காவதாக 'தெரியவில்லை' என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

5. படம் எடுத்தல்

ஒவ்வொரு குவியலிலிருந்தும் நல்லதும் சுமாரானதுமாகச் சிலவற்றைக் கார்பன் ஒட்டுத்தாள் ஒட்டிய உலோகக் குமிழில் வையுங்கள். வைத்தவுடன் குமிழின் வரைபடத்தை நோட்டில் வரைந்து, எது எங்கே என்று எழுதிவிடுங்கள். தங்கப் பூச்சு ஏறிய பிறகு எல்லாம் ஒரே மாதிரி இருக்கும்.

உச்சி எப்போதும் மேலே. படத்தை இடவலமாகப் புரட்டாதீர்கள். பக்கத்தில் அழகாக அமையும் என்று ஒரு பையன் புரட்டி வைத்தான். வளைவு எந்தப் பக்கம் என்பதே ஒரு பண்பாக இருக்கும் கூட்டில் அது பொய்ச்சாட்சி. அளவுகோல் படத்துக்குள்ளேயே பதிந்திருக்க வேண்டும். '200 மடங்கு' என்று அடியில் எழுதினால், அச்சில் படம் சுருங்கியதும் அந்த எண்ணுக்கு அர்த்தம் போய்விடும்.

வளையக் கூம்பு வகைகளுக்கு மேற்பரப்புப் படம் மட்டும் போதாது. உள்ளே தலைப்பகுதியில் உள்ள ஆரம்பக் கம்பி அமைப்பு வகைப்பாட்டுக்கு முக்கியம். அதற்கு ஒளி ஊடுருவும் மைக்ராஸ்கோப்போ, உடைந்த கூடோ வேண்டும். உடைந்ததையும் பொறுக்கச் சொன்னதற்கு இன்னொரு காரணம் இது.

6. அளத்தல்

எதை எங்கிருந்து எங்கே அளக்கிறீர்கள் என்று ஒரு கோட்டுப்படத்தில் முதலில் முடிவுசெய்யுங்கள். பாதியில் மாற்றினால் முன்பு அளந்தது எல்லாம் வீண். மொத்த உயரம், உச்சிக் கூம்பின் உயரம், போலி மார்பின் அகலம், வாயின் அகலம் என்று நான்கைந்து போதும். கிடைத்தால் முப்பது கூடு அளவிடுங்கள். குறைந்தது, சராசரி, அதிகபட்சம் மூன்றையும், எத்தனை கூடு என்பதையும் எழுதுங்கள்.

அளவுகளைக் கட்டத்தாளில் புள்ளியாக வைத்துப் பாருங்கள். இரண்டு குவியலாகப் பிரித்தது ஒரே மேகமாக விழுந்தால், உங்கள் அ-வும் ஆ-வும் ஒரே சிற்றினத்தின் குட்டையும் நெட்டையுமாக இருக்கலாம்.

இங்குள்ள கல்லுக்கு ஒரு கூடுதல் சோதனை அவசியம். மடிந்த பாறையில் கூடுகள் நசுங்கி ஒரு பக்கமாக நீண்டிருக்கும். அதே மாதிரியில் உருண்டை வகைக் கூடுகளைத் தேடுங்கள். அவை உருண்டையாகவே இருந்தால் சரி. எல்லாம் முட்டை வடிவமாகியிருந்தால் உங்கள் 'ஒல்லியான புதுச் சிற்றினம்' பாறை இழுத்த இழுப்பு.

7. விவரணை எழுதுதல்

உச்சியிலிருந்து வாய் வரை, ஒரே வரிசையில். எல்லாக் குவியலுக்கும் அதே வரிசை. அப்போதுதான் இரண்டு விவரணைகளைப் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி ஒப்பிட முடியும்.

வேறுபடுத்தும் குறிப்பும் விவரணையும் ஒன்றல்ல. முதலாவது இரண்டு மூன்று வரி: இதை மற்றவற்றிலிருந்து பிரிக்கும் பண்புகள் மட்டும். விவரணையில் மற்றதெல்லாம் வரலாம். புதியவர்கள் எல்லாவற்றையும் முதலாவதில் கொட்டுவார்கள். படிப்பவருக்கு எது முக்கியம் என்றே தெரியாது.

'அழகான', 'ஓரளவு பெரிய' போன்ற சொற்களை எடுத்துவிட்டு அங்கே எண்ணைப் போடுங்கள். டிபன் கேரியர் உவமை என் நோட்டில் இருக்கிறது, கட்டுரைக்கு அது ஆகாது.

8. ஒப்பிடுதல், முடிவெடுத்தல்

இப்போது பெயரைத் தேடலாம். மேலிருந்து கீழே வாருங்கள்: வரிசை, குடும்பம், பேரினம், கடைசியில் சிற்றினம். பேரினங்களுக்கு ஜியோடைவர்சிடாஸ் ஆய்விதழில் 2009-இல் மீசோசோயிக் (டிரையாசிக் இதில் அடங்கும்), 2017-இல் பேலியோசோயிக் (பெர்மியன் இதில் அடங்கும்) பட்டியல்கள் வந்திருக்கின்றன. அங்கே பேரினத்தைப் பிடித்துவிட்டு, சிற்றினத்தை முதன்முதலில் விவரித்த கட்டுரைக்கே போங்கள். பிறர் போட்ட படத்தோடு ஒப்பிட்டால் அவர்களுடைய தப்பும் உங்களோடு வந்துவிடும்.

பெயர்களில் குப்பையும் உண்டு. ஜெர்மானிய உயிரியலாளர் ஹேக்கல் 1887-இல் 3,000-க்கும் மேற்பட்ட புதுச் சிற்றினங்களுக்கு ஒரேயடியாகப் பெயர் வைத்தார். துளை எண்ணிக்கை போன்ற சின்ன வித்தியாசத்துக்கெல்லாம் தனிப்பெயர். பழைய பெயர் என்பதற்காக நம்பவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம். படத்தைப் பாருங்கள்.

முடிவு நான்கு விதமாக வரலாம். பொருந்துகிறது என்றால் அந்தப் பெயர். பொருந்துகிறது போலிருக்கிறது, ஆனால் கூடு மோசமாக இருப்பதால் உறுதியில்லை என்றால் நடுவே 'கன்ஃபர்' குறி. நெருக்கமானது, ஆனால் வேறு என்றால் 'அஃபினிஸ்' குறி. பேரினம் மட்டும்தான் தெரிகிறது என்றால் பேரினப் பெயரோடு 'எஸ்பி.' போட்டு நிறுத்துங்கள். முதல் இரண்டு குறிகளையும் மாற்றிப் போடுவதுதான் நான் அதிகம் திருத்தும் தப்பு. ஒன்று கூட்டின் மேல் உள்ள சந்தேகம், மற்றது சிற்றினத்தின் மேல் உள்ள சந்தேகம்.

வயதைப் பற்றி ஒன்று. புதுச் சிற்றினத்தின் வயதைக் கூடவே கிடைத்த, ஏற்கெனவே தெரிந்த சிற்றினங்களிலிருந்து எடுங்கள். புதியதை வைத்து அடுக்குக்கு வயது சொல்லி, அந்த அடுக்கை வைத்துப் புதியதற்கு வயது சொன்னால் செக்கைச் சுற்றிய கதைதான்.

9. புதிய பெயர்

எந்தச் சட்டம் என்று முதலில் தெளிவாகுங்கள். ரேடியோலேரியாவும் ஃபோராமினிஃபெராவும் விலங்கியல் பெயரிடல் சட்டத்தின் கீழ் வரும். டைனோஃபிளாஜெல்லேட் கூடுகளும் சுண்ணாம்பு நானோ படிவங்களும் பாசி, பூஞ்சை, தாவரங்களுக்கான சட்டத்தின் கீழ். எல்லாம் கடலில் வாழ்ந்தவைதான், ஆனால் அலுவலகம் வேறு.

1999-க்குப் பின் வெளியாகும் விலங்கியல் பெயருக்குச் சில கட்டாயங்கள் உண்டு. 'புதிய சிற்றினம்' என்று வெளிப்படையாகக் குறிக்க வேண்டும். வேறுபடுத்தும் பண்புகளைச் சொல்லும் விவரணை வேண்டும். ஹோலோடைப் எனும் ஒற்றைப் பெயர்தாங்கி மாதிரி எது, அது எந்த ஊரில் எந்தச் சேகரிப்பில் இருக்கும் என்று எழுத வேண்டும். மின்னிதழில் மட்டும் வருவதென்றால், 2012 திருத்தத்தின்படி அந்த வெளியீடு விலங்குப் பெயர்களுக்கான இணையப் பதிவேடான ஜூபேங்க்கில் பதிவாகியிருக்க வேண்டும், பதிவின் சான்று கட்டுரைக்குள்ளேயே தெரிய வேண்டும்.

ஒரே கூட்டை வைத்தும் பெயரிடச் சட்டம் இடம் தருகிறது. நான் தர மாட்டேன். பத்து நல்ல கூடாவது இல்லாமல் எங்கள் மேசையிலிருந்து புதுப் பெயர் போகாது.

பெயரின் இலக்கணம் பேரினத்தின் பாலைப் பொறுத்தது. உரிச்சொல்லாக வரும் பெயர் பேரினத்தோடு ஒத்துப்போக வேண்டும்: ஃபாலிகுகுல்லஸ் ஆண்பால், சூடோஅல்பைலெல்லா பெண்பால். ஊர்ப்பெயரில் '-என்சிஸ்' போட்டால் இரண்டு பாலுக்கும் பொருந்தும், அதனால் புதியவர்களுக்கு அதையே சொல்வேன். ஆள் பெயர் என்றால் ஆணுக்கு '-இ', பெண்ணுக்கு '-ஏ'. தன் பெயரைத் தானே வைப்பதைச் சட்டம் தடுக்கவில்லை, ஆனால் பெரும்பாலும் யாரும் செய்வதில்லை.

பெயருக்குப் பின்னால் ஆசிரியர் பெயர் அடைப்புக்குறிக்குள் வருவதும் வராததும் அலங்காரம் அல்ல. ட்ரையாசோகாம்பே டிவெவரி (நாகாசெகோ, நிஷிமுரா, 1979) என்பதில் அடைப்புக்குறி இருப்பது, அவர்கள் இதை முதலில் வேறு பேரினத்தில் வைத்து விவரித்தார்கள் என்பதற்கு அடையாளம். அதை எடுத்துவிட்டால் தகவல் போய்விடும்.

10. ஒப்படைத்தல்

ஹோலோடைப் உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கக் கூடாது. பல்கலைக்கழகத்திலோ அருங்காட்சியகத்திலோ பதிவு எண் தரும் சேகரிப்பில் ஒப்படைத்து, அந்த எண்ணைக் கட்டுரை அனுப்பும் முன் வாங்குங்கள். 'எண் பிறகு தரப்படும்' என்று எழுதிய கட்டுரைகளில் பல தடவை அந்தப் 'பிறகு' வருவதே இல்லை. ஹோலோடைப்போடு சேர்த்துக் குறித்த மற்ற மாதிரிகளான பாராடைப்புகளில் சிலவற்றை முடிந்தால் வேறொரு நிறுவனத்தில் வையுங்கள். ஒரு கட்டடத்தில் வெள்ளம் புகுந்தால் மற்றது இருக்கும்.

உலோகக் குமிழின் அடியில் கல்லின் எண், அடுக்கின் எண், குமிழ் எண் மூன்றையும் எழுதுங்கள், சேகரிப்புப் பதிவு எண் வந்ததும் அதையும் சேருங்கள். மீதி வண்டலையும் அதே எண்ணோடு பாட்டிலில் போட்டுக் கொடுங்கள். கரைக்காத கல்துண்டு ஒன்றைத் தனியே வையுங்கள். பத்து வருடம் கழித்து யாராவது வந்து உங்கள் சிற்றினத்தைச் சந்தேகிக்கும்போது, அவர் கேட்கப்போவது அந்தக் கல்லைத்தான்.